ஒரே ஊருணி, பல தவளைகள்: சிற்றினங்கள் கலவாமல் இருப்பது எதனால்?

அறுவடை முடிந்த செட்டிநாட்டு வயல்களில் கீதாரிகள் கிடை போடும்போது, செம்மறியும் வெள்ளாடும் பல இடங்களில் ஒரே மந்தையாகவே நிற்கின்றன. ஒரே தரிசில் மேய்ந்து, ஒரே கண்மாயில் நீர் குடித்து, இரவில் ஒரே பட்டியில் அடையும் இவ்விரண்டுக்கும் இடையே சில வேளைகளில் இணைசேர்தல் நடப்பதும் உண்டு. அப்படியிருந்தும் பாதி செம்மறி, பாதி வெள்ளாடு என்று சொல்லத்தக்க ஒரு குட்டியை ஆடு மேய்ப்பவர்கள் தம் வாழ்நாளில் காண்பதில்லை. இவ்வளவு நெருக்கமாக வாழும் இரண்டு விலங்குகள் தலைமுறை தலைமுறையாகத் தனித்தனியாகவே நீடிப்பது எதனால் என்ற கேள்வி, உயிரியலின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று.

தமக்குள் இணைசேர்ந்து வளமான சந்ததியை உண்டாக்கக்கூடிய, பிற கூட்டங்களிலிருந்து இனப்பெருக்க அளவில் பிரிந்து நிற்கும் உயிர்க்கூட்டமே சிற்றினம் என்று உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மையர் 1942இல் வரையறுத்தார். அதற்குச் சற்று முன்னர், 1937இல், மரபியலாளர் தியோடோசியஸ் டோப்சான்ஸ்கி அந்தப் பிரிவினையைக் காக்கும் தடைகளை வகைப்படுத்தியிருந்தார். இந்த வரையறையின்படி உலகிலுள்ள மனிதர்கள் அனைவரும் ஒரே சிற்றினம். இக்கட்டுரையில் பேசப்படும் எந்தத் தடையும் மனிதக் குழுக்களுக்கு இடையே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

பள்ளிப் பாடத்தில் இத்தடைகளுக்கு எடுத்துக்காட்டாக முதலில் வருவது கோவேறு கழுதை. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த அது மலடு என்பதால், மலட்டுத்தன்மைதான் சிற்றினங்களைப் பிரிக்கும் பெரிய சுவர் என்ற எண்ணம் நம்மில் பலருக்கும் பதிந்துவிடுகிறது. உண்மையில் மலட்டுத்தன்மை வரிசையின் கடைசியில் நிற்கும் தடை. செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக நிலைக்கதவுகள் இருப்பதைப் போல, எங்கே வாழ்வது, எப்போது பூப்பது, யாரை இணையாகத் தேர்வது, மகரந்தமும் விந்தும் தம் இலக்கை அடைவது, கரு பிழைப்பது, பிறந்த உயிர் வளமாக இருப்பது எனத் தடைகளும் வரிசையாக அமைந்திருக்கின்றன. நூறு கலப்பு வாய்ப்புகளில் முதல் கதவு தொண்ணூறைத் தடுத்துவிட்டால், அடுத்த கதவுக்கு மிஞ்சுவது பத்துதான். அதுவும் அதே வலிமையோடு தடுத்தால், மூன்றாவது கதவை அடைவது ஒன்றே ஒன்று. கடைசிக் கதவு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதற்கு வேலை மிகக் குறைவு.

இதை அளந்து காட்டிய ஆய்வு 2003இல் வெளியானது. அமெரிக்காவின் சியரா நெவாடா மலைகளில் மிமுலஸ் என்னும் பூச்செடிகளின் நெருங்கிய இரண்டு சிற்றினங்கள் வளர்கின்றன. ஒன்று உயரமான இடங்களில் இளஞ்சிவப்பாகப் பூத்துப் பெருந்தேனீக்களை ஈர்க்கிறது. மற்றொன்று தாழ்வான இடங்களில் செக்கச்செவேலெனப் பூத்துத் தேன்குடிக்கும் ரீங்காரச் சிட்டுகளை ஈர்க்கிறது. ஜஸ்டின் ராம்சே, பிராட்ஷா, ஷெம்ஸ்கி ஆகிய மூவரும் ஒவ்வொரு தடையையும் தனித்தனியே அளந்தபோது, வாழிட வேறுபாடு மட்டுமே ஏறத்தாழ 59 விழுக்காடு தடையாக இருந்தது. இரண்டும் அருகருகே வளரும் இடத்தில் மகரந்தம் சுமப்பவை வேறுபட்டிருப்பது ஏறத்தாழ 98 விழுக்காடு தடையாக இருந்தது. எல்லாத் தடைகளையும் சேர்த்த மொத்தம் 99 விழுக்காட்டையும் தாண்டுகிறது. அதில் பெரும்பங்கு, மகரந்தம் அதை ஏற்கும் பூவின் சூலகமுடியைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடும் தடைகளுடையது. சிற்றினங்களின் தனித்தன்மையைப் பெரும்பாலும் தாங்கி நிற்பவை இந்த முன்தடைகளே என்பதும், மனிதச் செயல்களால் எளிதில் தகர்பவையும் இவைதாம் என்பதும் நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

முன்தடைகள் வேலை செய்வதைக் காண சியரா நெவாடாவுக்குப் போக வேண்டியதில்லை. பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ, செம்புராங்கல் சுவர் சூழ்ந்த ஓர் ஊருணிக்கரையில் நல்ல மழை பெய்த இரவில் நின்று கேட்டாலே போதும். புதுத்தண்ணீர் சேர்ந்த சில மணி நேரத்திலேயே தவளைச் சத்தம் கிளம்புகிறது. தூரத்திலிருந்து கேட்பவருக்கு அது ஒரே இரைச்சல்; கரையில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் அதற்குள் பல குரல்கள் பிரிகின்றன. ஆழமற்ற திறந்த நீரில் பெருந்தவளையின் ஆண்கள் அடித்தொண்டையில் முழங்குகின்றன. மற்ற நாட்களில் பச்சையும் பழுப்புமாக மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் அவை, இனப்பெருக்கக் காலத்தில் எலுமிச்சை மஞ்சளாக மாறி, கழுத்தின் இருபுறமும் நீல நிறக் குரல்பைகள் புடைக்க உட்கார்ந்திருக்கும் காட்சி வியப்பூட்டுவது. கரையோரப் புற்களுக்கிடையே, ஏறத்தாழ ஓர் அங்குல நீளமே உள்ள குறுவாய்த் தவளை தன் உடலுக்குப் பொருந்தாத உரத்த கரகரப்புடன் கூப்பிடுகிறது. தேரையின் குரல் நீண்டு அதிரும் ஒரே சுருதி. மரத்தவளை நீருக்கு மேலே செடியிலோ சுவரிலோ ஒட்டிக்கொண்டு, முட்டைகளை நுரைக்கூட்டில் இட்டு, தலைப்பிரட்டைகள் கீழே நீரில் விழும்படி விடுகிறது.

ஒவ்வொரு குரலுக்கும் தனி அதிர்வெண்ணும் தனித் துடிப்பு வேகமும் உண்டு. பெண் தவளையின் உட்செவி தன் சிற்றினத்து ஆணின் அதிர்வெண்ணுக்கே மிகுதியாகக் கூர்ந்து வினைபுரியும்படி அமைந்திருப்பதால், அந்த இரைச்சல் முழுவதிலும் அவளைத் தீவிரமாக ஈர்ப்பது ஒரே குரல். காலமும் இங்கே துணைநிற்கிறது. பெருந்தவளை மழை தொடங்கும் சில இரவுகளிலேயே தன் இனப்பெருக்கத்தை அவசரமாக முடித்துக்கொள்ள, நீர்ப்பரப்பில் தத்திச் செல்லும் சிறு தவளை தண்ணீர் இருக்கும் மாதங்களிலெல்லாம் பெருகுகிறது. ஆண்களின் நிலை வேறு. குறிப்பாகத் தேரையின் ஆண் கைக்கு எட்டியதையெல்லாம் பற்றிக்கொள்ளும்; தவறிப் பிடிபட்ட மற்றோர் ஆண், உடலைக் குலுக்கி 'விடு' என்று பொருள்படும் ஒரு குறுங்குரலை எழுப்ப, பிடி தளர்கிறது. தேர்வைச் செய்பவள் பெண் என்பதால் ஆணின் அவசரம் பெரும்பாலும் கலப்பில் முடிவதில்லை. வயல் வரப்புகளில் நாம் ஒரே தவளையாகக் கருதிவந்த சிறு தவளைகளுக்குள் பல சிற்றினங்கள் மறைந்திருப்பதை ஆய்வாளர்கள் குரலையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்தே பிரித்தறிந்தனர். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தவை, தவளைகளின் காதுக்கு எப்போதும் வேறு வேறாகவே இருந்திருக்கின்றன.

தாவரங்கள் நடந்து சென்று இணையைத் தேட முடியாது. அந்தத் தேர்வை அவற்றுக்காக வேறு உயிர்கள் செய்கின்றன. ஊருணிக்கரைகளிலும் கோயில் குளக்கரைகளிலும் ஆலும் அரசும் அத்தியும் அருகருகே நிற்பது நமக்குப் பழகிய காட்சி. மூன்றும் ஒரே பேரினத்தை, அதாவது நெருங்கிய சிற்றினங்களின் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. மூன்றுக்கும் பூக்கள் வெளியே தெரிவதில்லை; நாம் பழம் என்று எண்ணும் உருண்டையின் உட்சுவரில் நூற்றுக்கணக்கான நுண்பூக்கள் பூக்கின்றன. அங்கே நுழைய நுனியில் செதில்கள் நெருக்கிய ஒரே ஒரு துளை உண்டு. சில மில்லிமீட்டருக்கும் மேற்படாத ஒரு குளவி, அந்தத் துளையில் இறக்கைகள் முறியும்படி தன்னை நெருக்கி உள்ளே புகுந்து, தான் பிறந்த காயிலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தைச் சூலகமுடிகளில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, உள்ளேயே இறந்துபோகிறது. அடுத்த தலைமுறைக் குளவிகள் அந்தக் காய்க்குள்ளேயே வளர்ந்து, மகரந்தம் சுமந்து வெளியேறி, ஓரிரு நாள் ஆயுளுக்குள் இன்னொரு மரத்தைத் தேட வேண்டும். ஆலமரத்துக்கு ஒரு குளவி, அரசுக்கு வேறொன்று, அத்திக்கு இன்னொன்று. பருவமடைந்த காய் வெளியிடும் மணமும் மரத்துக்கு மரம் வேறு. துளையின் அமைப்பும் வேறு. சூல்தண்டின் நீளமும் அந்தந்தக் குளவியின் முட்டையிடும் உறுப்புக்கு ஏற்றது. ஆகவே, கிளைகள் உரசிக்கொள்ளும் தூரத்தில் நின்றாலும் ஆலின் மகரந்தம் அரசின் பூவை அடைவது மிக அரிது. மரத்தை வணங்கும் நாம் அந்தக் குளவியையும் ஒருமுறையாவது கவனித்துப் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் அந்த மரத்தில் ஒரு விதைகூட உருவாகாது.

செட்டிநாட்டை ஒட்டி, திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் இதே பாடத்தைப் பறவைகளிடம் காணலாம். கூடு கட்டியிருக்கும் பறவைகள் அஞ்சி ஓடாதிருக்கக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை என்பது இந்த வட்டாரம் முழுவதும் பெருமையோடு சொல்லப்படும் செய்தி. அங்கே கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், இராக்கொக்கு எனப் பல பறவைகள் கிளைக்குக் கிளை நெருங்கிக் கூடு கட்டுகின்றன. அலகைத் தட்டி ஒலியெழுப்புவதும், தலையைத் தாழ்த்தி நிமிர்த்துவதும், சுள்ளியைக் கொடுத்து வாங்குவதும் ஒவ்வொரு சிற்றினத்துக்கும் உரிய முறைப்படி நடக்கின்றன. முறை தவறினால் எதிரிலுள்ள பறவை விலகிவிடுகிறது அல்லது கொத்தித் துரத்துகிறது.

முன்தடைகளைத் தாண்டிவிட்டால் உடலுக்குள் இருக்கும் தடைகள் தொடங்குகின்றன. அவற்றை விளக்க நம் அடுப்படியிலேயே ஒரு நல்ல இணை இருக்கிறது: கத்தரியும் சுண்டையும். இரண்டும் ஒரே பேரினம். மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கை இரண்டுக்கும் 24. சுண்டையின் வேர் மண்ணிலிருந்து வரும் வாடல் நோயைத் தாங்கும் என்பதால், சுண்டைக் கன்றை அடிச்செடியாக வைத்து அதன்மேல் கத்தரியை ஒட்டுவது இன்று விவசாயிகளிடம் பரவியிருக்கிறது. ஒட்டிய இடத்தில் திசுக்கள் சேர்ந்து, நீரும் சத்தும் தடையின்றிப் பாய்ந்து, கத்தரி காய்க்கிறது. உடலளவில் இவ்வளவு ஒத்துப்போகும் இரண்டையும் மகரந்தத்தின் வழியாகக் கலக்க முயன்றால் கதையே மாறிவிடுகிறது. நல்ல விதை கிடைப்பது மிகக் கடினம். ஆய்வகத்தில் இளங்கருவை வெளியே எடுத்து ஊட்டக்கரைசலில் வளர்த்து உருவாக்கிய செடிகளும் பெரும்பாலும் மலடாகின்றன. சுண்டையின் நோய் தாங்கும் திறனைக் கத்தரியின் விதைக்குள் கொண்டுவர முடியாமல் ஒவ்வொரு கன்றையும் கையால் ஒட்ட வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுதான். குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் கலப்பு எளிது என்ற பொதுவான எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கும் இது சான்று.

தொடக்கத்தில் சொன்ன ஆடுகளுக்கு இப்போது வருவோம். வெள்ளாட்டுக்கு 60 குரோமோசோம்கள், செம்மறிக்கு 54. செம்மறிக் கிடா பெட்டை வெள்ளாட்டுடன் சேர்ந்தால் கருத்தரிப்பது உண்டு. ஆனால் கரு பெரும்பாலும் இரண்டு மாத அளவிலேயே இறந்துவிடுகிறது. தாயின் நோயெதிர்ப்பு அமைப்பு கருவின் இரத்த அணுக்களை அந்நியமாகக் கண்டு எதிர்ப்பொருள்களை உண்டாக்குவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மறுதலையாக, வெள்ளாட்டுக் கிடா செம்மறிப் பெட்டையுடன் சேரும்போது கருத்தரிப்பதே அரிது. தப்பிப் பிறந்த குட்டிகளாக உறுதிசெய்யப்பட்டவை உலகளவில் மிகச் சில. போட்ஸ்வானாவில் 2000ஆம் ஆண்டில் அறியப்பட்ட ஒன்றுக்கு, தாயின் 60இல் பாதியும் தந்தையின் 54இல் பாதியுமாகச் சேர்ந்த 57 குரோமோசோம்கள் இருந்தன. கீதாரியின் கண்ணுக்கு எதுவும் தென்படாமல் போவது, கரு சினை வெளிப்படையாகத் தெரிவதற்கு முன்பே அழிந்துவிடுவதால்தான்.

குதிரைக்கு 64, கழுதைக்கு 62. கோவேறு கழுதைக்கு 63. அது உடல்வலிமையோடு வளர்கிறது, ஆனால் இனச்செல்கள் உருவாகும்போது குரோமோசோம்கள் சரியான இணை கிடைக்காமல் தடுமாறுகின்றன. ஆண் கோவேறு கழுதை மலடு. பெண் மட்டும் மிக அரிதாகக் குட்டி ஈன்றதற்குச் சான்றுகள் உண்டு. இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலானது அல்ல. இரு சிற்றினங்களின் கலப்பில் ஒரு பால் மட்டும் மலடாகவோ இல்லாமலோ போனால், அது பெரும்பாலும், ஆணா பெண்ணா என்பதை முடிவுசெய்யும் இரு குரோமோசோம்களும் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கும் பாலாகவே இருக்கும் என்று ஜே. பி. எஸ். ஹால்டேன் 1922இல் எடுத்துக்காட்டினார். பாலூட்டிகளில் அது ஆண், பறவைகளில் பெண். பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த அறிஞர் அவர்.

தாவரங்களில் குரோமோசோம் எண்ணிக்கை ஒரே தாவலில் புதிய சிற்றினத்தையே உண்டாக்கிவிடும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி பருத்திச் சேலை. அந்தப் பருத்தியின் வரலாறே இதற்குச் சான்று. கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திக்கு 26 குரோமோசோம்கள், அமெரிக்கப் பருத்திக்கு 52. இரண்டையும் கலந்தால் 39 உள்ள செடி வருகிறது. அதில் 13 குரோமோசோம்களுக்கு இணையே இல்லாததால் அது மலடு. ஆனால் அந்த 52 எங்கிருந்து வந்தது? பத்து இருபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்க–ஆசிய வகையைச் சேர்ந்த ஒரு பருத்தியும் அமெரிக்கக் காட்டுப் பருத்தி ஒன்றும் கலந்து, குரோமோசோம்கள் இரட்டித்ததால் ஒவ்வொன்றுக்கும் இணை கிடைத்து வளம் பெற்ற செடியின் வழித்தோன்றல் அது. இயற்கை அன்று செய்ததை இன்று ஆய்வாளர்கள் கொல்சிசின் என்னும் பொருளால் செய்கின்றனர். 39 உள்ள மலட்டுச் செடியில் அதைத் தடவினால் எண்ணிக்கை 78 ஆகி, விதை பிடிக்கும் செடி கிடைக்கக்கூடும். நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் நஞ்சு அதே கொல்சிசின்தான்.

இத்தடைகள் சிற்றினத்தைக் காப்பதற்கென்று திட்டமிட்டு உருவானவை அல்ல. ஒரு கூட்டம் மலையாலோ கடலாலோ இரண்டாகப் பிரிந்து நெடுங்காலம் தனித்தனியே வாழும்போது, ஒரு பக்கத்தில் ஒரு மரபணுவும் மறுபக்கத்தில் வேறொரு மரபணுவும் மாறுகின்றன. ஒவ்வொரு மாற்றமும் தன் கூட்டத்துக்குள் தீங்கற்றது. ஆனால் இரண்டும் ஒரே உடலில் முதன்முறையாகச் சந்திக்கும்போது ஒத்துப்போகாமல் போகலாம். அந்தச் சந்திப்பை எந்தத் தலைமுறையும் அதுவரை சோதித்துப் பார்த்ததில்லை. டோப்சான்ஸ்கியும் ஹெர்மன் முல்லரும் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் நிலைத்து நிற்கிறது. பாதி வளர்ந்த நிலையில் இத்தடையை நெல்லில் காணலாம்: இண்டிகா, ஜப்பானிகா என்னும் இரு பிரிவுகளைக் கலந்தால் பல சேர்க்கைகளில் கதிர்களில் பதர் மிகுகிறது. 1950களில் அவ்விரண்டையும் கலக்கப் பெருமுயற்சி எடுக்கப்பட்டும் பயன்தந்த இரகங்கள் சிலவே கிடைத்தன. ஆடுதுறையிலிருந்து 1965இல் வெளியான ஏடிடி 27 அவற்றுள் ஒன்று.

தடைகள் அவ்வப்போது கசிவதும் உண்மை. செட்டிநாட்டுச் சமையலுக்குப் பேர்வாங்கித் தந்த நாட்டுக்கோழியின் மஞ்சள் காலே அதற்குச் சான்று. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு வடிவம் அதனிடமிருந்து வரவில்லை, இந்தியத் தீபகற்பத்தில் மட்டுமே வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. தீனியிலிருந்து வரும் மஞ்சள் நிறமியைத் தோலில் சிதைக்கும் நொதி அந்த வடிவத்தில் அடங்கிவிடுவதால் காலும் தோலும் மஞ்சளாகின்றன. எப்போதோ நம் மண்ணில், ஏதோ ஒரு வீட்டுக்கோழிக் கூட்டத்தில், ஒரு காட்டுக்கோழி கலந்து, அதன் வாரிசுகள் மீண்டும் வீட்டுக்கோழிகளோடு சேர்ந்ததால் அந்த ஒரு கீற்று உலகெங்கும் பரவியது. இருந்தும் சாம்பல் காட்டுக்கோழி இன்றும் தனிச் சிற்றினமாகவே காட்டில் கூவுகிறது. ஓரிரு மரபணுக்கள் கசிவதால் சிற்றினம் அழிந்துவிடாது. முன்தடைகள் மொத்தமாக விழும்போதுதான் ஆபத்து.

அந்த ஆபத்தின் தெளிவான சான்று ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி. அங்குள்ள சிக்லிட் மீன்களில் நெருங்கிய சிற்றினங்களைப் பெண் மீன்கள் ஆணின் நிறத்தைப் பார்த்தே பிரித்தறிகின்றன. கலந்தால் பிறக்கும் குஞ்சுகள் வளமானவை, ஆகவே நிறத்தேர்வே அங்கு முக்கியத் தடை. கரையோர நிலங்களிலிருந்து சத்துக்கள் ஏரியில் சேர்ந்து நீர் கலங்கியபோது நிறம் தெரியாமல் போய்ச் சிற்றினங்கள் ஒன்றோடொன்று கரையத் தொடங்கின என்று ஓலே சீஹவுசனும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் எழுதினர். ஒரு மீனையும் பிடிக்காமல், நீரை மட்டும் கலக்கியே சிற்றினங்களை இழக்க முடியும் என்பதை இந்த ஆய்வு காட்டிவிட்டது. ஊருணி தூர்க்கப்படும்போது நாம் நீரின் கணக்கை மட்டுமே போடுகிறோம். எந்தத் தவளை எந்த ஆழத்தில், எந்த மாதத்தில், எந்தச் சத்தத்துக்கு நடுவே தன் இணையைக் கண்டுகொள்கிறது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வேட்டங்குடியில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரை சம்பந்தப்பட்ட ஒரு சிக்கல் இப்போது கடல் கடந்து நடந்துகொண்டிருக்கிறது. அதன் நெருங்கிய உறவான பால்நிற நாரை, அழியும் நிலையில் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் வாழ்கிறது. இரண்டின் இயல்பான வாழிடங்கள் பெரும்பாலும் விலகியிருப்பதே முதன்மைத் தடையாக இருந்தது. கருவோ குஞ்சோ பிழைப்பதற்குத் தடை ஏதும் வளர்ந்திருக்கவில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பறவைக் காட்சியகங்களிலிருந்து மஞ்சள் மூக்கு நாரைகள் திறந்தவெளியில் பறக்கத் தொடங்கியதும் இரண்டும் இணைசேர்ந்தன. கலப்புப் பறவைகளும் வளமாகப் பெருகுகின்றன. பால்நிற நாரையைக் கூண்டில் வளர்த்துக் காட்டுக்கு மீட்க விரும்புவோர் இனிமேல் பறவைகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி, கலப்பு இல்லாதவற்றை மட்டும் பிரித்தெடுத்து இணைசேர்க்க வேண்டும். வெளியே பறக்கும் மஞ்சள் மூக்கு நாரைகளையும் அவற்றின் கலப்பு வாரிசுகளையும் அந்தச் சதுப்பு நிலங்களிலிருந்து அகற்றாமல் விடுவிப்பைத் தொடங்க முடியாது.